கூகுள் ரீ:வொர்க் மேனேஜர் கிட்: எதை எடுக்கலாம், எதை விடலாம்

டீம் நடத்துகிறவர்களுக்காகக் கூகுள் இலவசமாகத் திறந்துவைத்த தளம் ரீ:வொர்க். ஆள் எடுப்பது, இலக்கு வைப்பது, டீமைக் கட்டுவது என்று பல தலைப்புகளில் வழிகாட்டிகள் இருக்கின்றன. ஆனால் தினசரி வேலைக்கு நேரடியாக உதவுவது மேனேஜர்களுக்கான பகுதிதான். அதிலும் மூன்று தாள்கள்: மேனேஜரும் டீம் ஆளும் தனியாக உட்கார்ந்து பேசும் ஒன்-ஆன்-ஒன் பேச்சுக்கான அஜெண்டா, மேனேஜரைப் பற்றி டீம் கருத்துச் சொல்லும் சர்வே, ஒருவருடைய வளர்ச்சியைப் பற்றிப் பேச உதவும் படிவம். இந்த மூன்றையும் ஒழுங்காகப் பிடித்துக்கொண்டால் போதும். மற்றவை படித்துவிட்டு நகரலாம்.

ஐந்து முதல் பத்துப் பேர்வரை நேரடியாக ரிப்போர்ட் செய்யும் மேனேஜருக்கு இந்தக் கிட் கச்சிதமாகப் பொருந்தும். ஒரே ஷிஃப்டில் நாற்பது பேரைப் பார்க்கும் சூப்பர்வைசருக்கு அப்படியே பொருந்தாது, நிறைய மாற்ற வேண்டியிருக்கும்.

இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும். மேனேஜர் என்றாலே வேலைக்கு நடுவில் நிற்கிற ஆள் என்ற எண்ணம் கூகுள் என்ஜினியர்களிடம் ஆரம்பத்திலிருந்தே உண்டு. 2002-ல் கூகுளின் நிறுவனர்கள் லாரி பேஜும் செர்கே பிரின்னும் என்ஜினியரிங் மேனேஜர் பதவிகளையே எடுத்துப் பார்த்தார்கள். சில மாதங்களுக்கு மேல் அது தாங்கவில்லை. செலவு பில்லுக்கு அனுமதி கேட்பதிலிருந்து இருவருக்குள் வந்த சச்சரவுவரை எல்லாம் நேராக பேஜிடமே போய் நின்றது. பிறகு 2008 வாக்கில், நல்ல மேனேஜரால் உண்மையிலேயே ஏதாவது வித்தியாசம் உண்டா என்று தங்கள் தரவை வைத்தே சோதிக்க ஒரு குழு உட்கார்ந்தது. அதற்குப் ப்ராஜெக்ட் ஆக்ஸிஜன் என்று பெயர். ஊழியர் சர்வே, பெர்ஃபார்மன்ஸ் மதிப்பீடு இரண்டையும் சேர்த்து மேனேஜர்களை வரிசைப்படுத்தினார்கள். மேல் கால்பங்கினரையும் கீழ் கால்பங்கினரையும் பேட்டி கண்டார்கள். பேட்டி கொடுக்கும் மேனேஜர் எந்தப் பக்கம் என்று பேட்டி எடுத்தவருக்கும் தெரியாது, அந்த மேனேஜருக்கும் தெரியாது.

அதிலிருந்து எட்டு நடத்தைகள் கிடைத்தன. 2018-ல் அதைப் பத்தாக்கினார்கள். மற்ற டீம்களோடு சேர்ந்து வேலை செய்வதும், தயங்காமல் முடிவெடுப்பதும் அப்போது சேர்ந்தவை. முதலிடம் நல்ல கோச்சாக இருப்பதற்கு. இரண்டாவது, ஆளை நம்பி வேலையை ஒப்படைப்பது, சின்னச் சின்ன விஷயத்திலெல்லாம் மூக்கை நுழைக்காமல் இருப்பது. என்ஜினியர்களின் கம்பெனியில், டெக்னிக்கல் திறமை பழைய பட்டியலில் எட்டாவதாக, கடைசியில் வந்தது. நன்றாகக் கோட் எழுதுகிறவரை மேலே தூக்கி மேனேஜராக்கிவிட்டு, அதன்பிறகு அவருக்கு எதுவும் சொல்லித்தராத எல்லா இடங்களும் கவனிக்க வேண்டிய முடிவு இது.

இவை எல்லாம் ஒரே கம்பெனியின் தரவு என்பதை மறக்கக் கூடாது. நல்ல சம்பளம் வாங்குகிற, வேறு வேலை எளிதில் கிடைக்கிற, மேலதிகாரியை எதிர்த்துப் பேசப் பயப்படாத ஆட்களிடமிருந்து எடுத்தவை. பட்டியலை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம், தொடங்குவதற்கு ஓர் இடமாக எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்-ஆன்-ஒன் அஜெண்டாவுக்கு வருவோம். பார்த்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். எப்படி இருக்கிறீர்கள், மனதில் என்ன ஓடுகிறது. எது தடையாக இருக்கிறது. இலக்குகள் எந்த நிலையில் இருக்கின்றன. லீவு, பில் மாதிரியான நிர்வாக விஷயங்கள். அடுத்து யார் எதைச் செய்யப்போகிறார்கள். ஃபீட்பேக்குக்கு ஓர் இடம். அவ்வளவுதான். இதன் மதிப்பு கேள்விகளின் வரிசையில் இருக்கிறது. தடை முதலில், ஸ்டேட்டஸ் பிறகு. பெரும்பாலான மேனேஜர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். “அந்த டிக்கெட் என்னாச்சு?” என்று தொடங்கினால் அரைமணி நேரமும் அந்த டிக்கெட்டிலேயே போய்விடும். எதிரில் இருப்பவர் இரண்டு வாரமாகச் சொல்ல நினைத்துக்கொண்டிருந்த விஷயம் வாய்க்குள்ளேயே நின்றுவிடும். ஸ்டேட்டஸ் கேட்க ஸ்டாண்டப் என்ற தினசரிக் குறுங்கூட்டம் இருக்கிறது, ஷீட் இருக்கிறது. அதற்காகத் தனியாக ஓர் ஆளைக் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டியதில்லை.

நடைமுறையில் அரைமணி நேரத்தை இப்படிப் பிரித்தால் சரியாக வருகிறது: முதல் பத்து நிமிடம் முழுக்க டீம் ஆளுடையது, மேனேஜர் கேட்க மட்டும் வேண்டும். அடுத்த பத்து நிமிடம் தடைகளுக்கு. பிறகு ஐந்து நிமிடம் மேனேஜர் சொல்ல வேண்டியதற்கு, கடைசி ஐந்து நிமிடம் யார் எதை எப்போது செய்வது என்று எழுதிக்கொள்வதற்கு. அஜெண்டாவை இருவரும் திருத்தக்கூடிய ஒரே கூகுள் டாக்ஸ் கோப்பாக வைத்து, ஒவ்வொரு சந்திப்புக்கும் தேதி போட்டு மேலே புதிதாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். முந்தைய நாளே டீம் ஆள் தன் வரிகளை அதில் போட்டுவைக்க வேண்டும். மேனேஜர் மட்டும் எழுதுகிற அஜெண்டா, மூன்றாவது சந்திப்பிலேயே விசாரணை மாதிரி ஆகிவிடும்.

கடைசி ஐந்து நிமிடத்தில் மேனேஜர் பெயருக்கு எதிரிலும் ஒரு வேலையாவது இருக்க வேண்டும். டெஸ்டிங் சர்வருக்கு அனுமதி வாங்கித் தருவது, பக்கத்து டீம் லீடிடம் பேசுவது, ஏதாவது ஒன்று. அடுத்த சந்திப்பு அந்த வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். செய்யவில்லை என்றால், செய்யவில்லை, காரணம் இது, இந்தத் தேதிக்குள் முடிப்பேன் என்று மேனேஜர் முதலில் சொல்ல வேண்டும். தன் வரியைத் தாண்டிப்போய் மற்றவர் வரியை மட்டும் கேட்கிற மேனேஜரிடம் யாரும் இரண்டாம் முறை தடையைச் சொல்வதில்லை.

நேரக் கணக்கையும் முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள். எட்டுப் பேருக்கு வாரம் அரைமணி என்றால் நான்கு மணி நேரம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றால் அதில் பாதி. பதினைந்து பேர் என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வைத்தாலும் வாரத்துக்கு மூன்றே முக்கால் மணி நேரம் போகும். முடியாது என்றால் முதலிலேயே மாதம் ஒருமுறை என்று வையுங்கள். வாராவாரம் போட்டுவிட்டுக் கடைசி நிமிடத்தில் கேன்சல் செய்வதைவிட அது நல்லது. ஒருமுறை கேன்சல் ஆனால் அதே வாரத்துக்குள் வேறு நேரம் கொடுத்துவிட வேண்டும். தொடர்ந்து இரண்டு முறை தள்ளிப்போனால், தன் விஷயம் கடைசியில்தான் என்று அவர் முடிவு செய்துவிடுவார்.

இந்தத் தாளில் உள்ள பெரிய குறை, ஃபீட்பேக் என்று ஓர் இடம் விட்டிருக்கிறார்களே தவிர எப்படிச் சொல்வது என்று அந்த இடத்தில் இல்லை. அதற்குச் சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப் என்ற தலைமைப் பயிற்சி நிறுவனம் உருவாக்கிய முறையைக் கூடவே வைத்துக்கொள்ளலாம்: எந்தச் சூழலில், என்ன செய்தீர்கள், அதனால் என்ன ஆனது. “நீங்க கொஞ்சம் கேர்லெஸ்ஸா இருக்கீங்க” என்பதை வைத்துக்கொண்டு யாரும் எதையும் மாற்றிக்கொள்ள முடியாது. “செவ்வாய்க்கிழமை கிளையன்ட் காலில், அவர் கேள்வியை முடிக்கும் முன்பே பதில் சொல்ல ஆரம்பிச்சீங்க. அதனால பில்லிங் பத்தி அவர் கேட்க வந்தது வரவே இல்ல, மறுநாள் அதுக்குத் தனியா மெயில் போட்டார்” என்றால் அடுத்த காலில் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கே தெரியும். பாராட்டுக்கும் இதே மூன்று பகுதிதான். “சூப்பர், நல்லா பண்ணீங்க” என்பது காதுக்கு இனிமையாக இருக்கும். எதை மறுபடி செய்ய வேண்டும் என்று சொல்லாது.

கிட்டில் மிகச் சிறந்த பகுதி சர்வே. தப்பாகப் பயன்படுத்தினால் மிக அதிகச் சேதம் செய்வதும் அதுதான். பத்துப் பன்னிரண்டு வாசகங்கள், ஒவ்வொன்றுக்கும் ‘கொஞ்சமும் ஒப்புக்கொள்ளவில்லை’ முதல் ‘முழுக்க ஒப்புக்கொள்கிறேன்’ வரை ஐந்து படிகள். கடைசியில் இரண்டு திறந்த கேள்விகள்: உங்கள் மேனேஜர் எதைத் தொடர வேண்டும், எதை மாற்ற வேண்டும். வாசகங்கள் எல்லாம் கண்ணால் பார்க்கக்கூடிய நடத்தையைப் பற்றியவை. ‘நல்ல தலைவரா’ என்று எங்கேயும் கேட்கவில்லை. என் வேலையை மேம்படுத்த உதவும்படி கருத்துச் சொல்கிறாரா, மேலிடத்திலிருந்து வரும் தகவலை எங்களுக்குச் சொல்கிறாரா, டீமுக்கு இலக்கைத் தெளிவாகச் சொல்கிறாரா, என்னை மனிதராக மதிக்கிறாரா, கடந்த ஆறு மாதத்தில் என் வளர்ச்சியைப் பற்றி உருப்படியாக ஒருமுறையாவது பேசினாரா. கடைசிக் கேள்வியில் கால அளவு இருப்பதைப் பாருங்கள். ‘அக்கறை காட்டுகிறாரா’ என்றால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். ஆறு மாதம் என்று சொன்னதும் யோசித்துப் பார்த்துத்தான் டிக் செய்ய முடியும். மேனேஜருக்கும் அதைச் சரிசெய்வது சுலபம், காலண்டரில் ஒரு நேரம் போட்டாலே பாதி வேலை முடிந்தது.

கூகுளில் இது வருடத்துக்கு இருமுறை நடந்தது. 2010-க்கும் 2012-க்கும் இடையில் மேனேஜர்களைப் பற்றிய சாதகமான மதிப்பெண்ணின் நடுமதிப்பு 83 சதவீதத்திலிருந்து 88-க்கு வந்தது. அடிமட்டத்தில் இருந்தவர்களும் முன்னேறினார்கள். சர்வே முடிவைச் சம்பளத்தோடும் பதவி உயர்வோடும் கட்டாமல், வளர்ச்சிக்கு மட்டும் என்று வைத்ததற்கு இதில் பெரிய பங்கு உண்டு. இதைக் கிட்டிலும் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் இன்னும் கொட்டை எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். சர்வே மதிப்பெண்ணால் மேனேஜரின் இன்கிரிமென்ட் குறையும் என்று தெரிந்த நாளிலிருந்து அந்த மேனேஜர் மார்க் கேட்டு அலைவார். டீமும் அவருக்குக் கஷ்டம் வரக் கூடாது என்று ஐந்து ஐந்தாகப் போட்டுவிடும். பிறகு அந்தப் படிவத்தில் எந்தத் தகவலும் மிஞ்சாது.

இங்கே நம் அலுவலகங்களுக்கு என்று சில மாற்றங்கள் கட்டாயம். முதலாவது, பெயர் தெரியாமல் இருப்பது. கூகுள் ஃபார்ம்ஸில் போடுகிறவர்கள் மின்னஞ்சல் சேகரிக்கும் அமைப்பை ஆஃப் செய்கிறார்கள், அதோடு விட்டுவிடுகிறார்கள். ‘ஒருவருக்கு ஒரு பதில் மட்டும்’ என்பதை ஆன் செய்தால் லாகின் கேட்கும். கம்பெனி ஆட்களுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தினாலும் கேட்கும். பெயர் பதிவாகாவிட்டாலும், லாகின் பக்கத்தைப் பார்த்த உடனே ஆள் உஷாராகிவிடுவார். இரண்டையும் ஆஃப் செய்யுங்கள். பதில்கள் போய்ச் சேரும் ஷீட்டில் நேரம் பதிவாகிறது. இரவு ஒன்பதரைக்கு ஆன்லைனில் இருந்தது யார் என்று ஏழு பேர் டீமில் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. எனவே ஃபார்மின் உரிமையாளர் அந்த மேனேஜராக இருக்கவே கூடாது. எச்.ஆர். அல்லது வேறு டீமின் மேனேஜர் வைத்திருந்து, நேரப் பத்தியை நீக்கி, வரிசையைக் கலைத்து, தொகுத்ததை மட்டும் கொடுக்க வேண்டும். ஐந்து பதிலுக்குக் குறைவாக வந்தால் திறக்காமல் விடுவது நல்லது.

திறந்த கேள்விகளின் பதிலை அப்படியே கொடுக்காதீர்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு பாணி இருக்கிறது. ஒரே வரியில் ஆள் தெரிந்துவிடும். தொகுப்பவர் தன் வார்த்தையில் மாற்றி எழுதிக் கொடுக்கட்டும்.

இரண்டாவது, வாசகத்தின் அமைப்பு. ‘தேவையில்லாமல் தலையிடுவதில்லை’ என்று எதிர்மறையாக ஒரு வாசகம் இருக்கிறது. ‘தலையிடுவதில்லை’ என்பதை ‘ஒப்புக்கொள்ளவில்லை’ என்று டிக் செய்ய வேண்டிய இடத்தில் பலர் குழம்பி எதிர்ப்பக்கம் போட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு கேள்வியில் மட்டும் மதிப்பெண் விநோதமாக வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். ‘என் பொறுப்பில் உள்ள வேலையை என் முடிவுப்படி செய்ய விடுகிறார்’ என்று நேராகப் போட்டுவிட்டால் தீர்ந்தது.

மூன்றாவது, சராசரி. ஏழு பேரில் ஐந்து பேர் 5 போட்டு இரண்டு பேர் 1 போட்டால் சராசரி 3.86. ஆறு பேர் 4 போட்டு ஒருவர் 3 போட்டாலும் அதே 3.86. முதல் டீமில் இரண்டு பேர் ஒதுக்கப்பட்டிருக்கிறார்கள், வேலையை விட்டுப் போகவும் தயாராக இருக்கலாம். இரண்டாவது டீமில் பெரிய பிரச்சினை எதுவும் இல்லை. சின்ன டீமுக்குச் சராசரியைக் காட்டவே வேண்டாம், ஒவ்வொரு படியிலும் எத்தனை பேர் என்று மட்டும் காட்டுங்கள். போன முறை 3.9, இந்த முறை 4.1 என்று மகிழ்வதற்கும் ஏழு பேர் கணக்கில் இடமில்லை, ஒருவர் மனநிலை மாறினாலே அந்த வித்தியாசம் வந்துவிடும்.

எல்லோரும் எல்லாவற்றுக்கும் 5 போட்டால் அதையும் கவனிக்க வேண்டும். 180 டீம்களை ஆராய்ந்த கூகுளின் ப்ராஜெக்ட் அரிஸ்டாட்டில், நல்ல டீமை மற்றவற்றிலிருந்து பிரிப்பதில் முதலிடம் கொடுத்தது ஒரே விஷயத்துக்கு: தப்பை ஒப்புக்கொண்டால், கேள்வி கேட்டால், அவமானமோ தண்டனையோ வராது என்ற நம்பிக்கை. ஹார்வர்ட் பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1999-ல் விரிவாக ஆராய்ந்த கருத்து அது. அந்த நம்பிக்கை இல்லாத டீமில் சர்வே எப்போதும் பளபளவென்றுதான் வரும். அப்படிப்பட்ட இடத்தில் சர்வேயை ஒத்திவைத்து, ஒன்-ஆன்-ஒன்னை ஆறு மாதம் தவறாமல் நடத்திவிட்டுப் பிறகு தொடங்கலாம்.

முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் மேனேஜர் டீமைக் கூட்டி உட்கார வேண்டும். இருபது நிமிடம் போதும். குறைவாக வந்த இரண்டு கேள்விகளைப் படித்துக் காட்டி, நன்றி சொல்லி, அதில் ஒன்றை மட்டும் எடுத்து, அடுத்த மூன்று மாதத்தில் எதை எப்படி மாற்றப்போகிறேன் என்று சொல்ல வேண்டும். தகவல் பகிர்வது குறைவு என்று வந்திருந்தால், ஒவ்வொரு திங்கட்கிழமையும் மேலிட மீட்டிங்கில் பேசியதில் சொல்லக்கூடியதை ஐந்து வரியில் டீம் குரூப்பில் போடுவது என்ற அளவுக்குக் குறிப்பாக இருக்க வேண்டும். “இனி நல்லா கம்யூனிகேட் பண்றேன்” என்றால் மூன்று மாதம் கழித்து யாராலும் சரிபார்க்க முடியாது. அந்தக் கூட்டத்தில் விளக்கம் கொடுக்கக் கூடாது, “இதை எழுதினது யாரு” என்று சிரித்துக்கொண்டே கூடக் கேட்கக் கூடாது. கேட்டால் அடுத்த சர்வே வெறும் தாள்.

மூன்றாவது தாளான வளர்ச்சிப் படிவம், க்ரோ (GROW) என்ற கோச்சிங் முறையில் அமைந்தது. எதை அடைய வேண்டும், இப்போது எங்கே இருக்கிறோம், என்னென்ன வழிகள், எதைச் செய்யப்போகிறோம் என்று நான்கு கட்டம். மேனேஜர் கேள்வி கேட்க வேண்டும், பதிலை டீம் ஆளே கண்டுபிடிக்க வேண்டும். நம்மவர்கள் சறுக்குவது மூன்றாவது கட்டத்தில். ‘வழிகள்’ என்று வந்ததும், அனுபவம் உள்ள மேனேஜர் “நான் சொல்றேன், நீங்க அந்தச் சர்ட்டிஃபிகேஷனை முடிங்க” என்று தீர்ப்புக் கொடுத்துவிடுகிறார். எதிரில் இருப்பவரும் தலையாட்டிவிடுகிறார். அவருடைய திட்டமாக அது ஆகவே இல்லை, அதனால் நடப்பதும் இல்லை. அவர் வாயிலிருந்து மூன்று வழிகள் வரும்வரை மேனேஜர் தன் யோசனையைச் சொல்லாமல் இருப்பது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். “வேற என்ன?” என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தால் இரண்டாவதும் மூன்றாவதும் வரும். அந்த மௌனம் சில விநாடிகள் சங்கடமாக இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். “ஏன் செய்யலை?” என்பதற்குப் பதிலாக “எது தடுத்தது?” என்று கேளுங்கள். ‘ஏன்’ என்றதும் ஆள் தற்காப்புக்குப் போய்விடுவார்.

புதிய மேனேஜர்களுக்கான பயிற்சிப் பொருட்களும் இருக்கின்றன. தனியாகப் படிக்க அவை உதவாது. வகுப்பு நடத்தத் தெரிந்த ஒருவர் இருந்தால் மட்டும் எடுத்துப் பார்க்கலாம்.

இனி ஷிஃப்ட் சூப்பர்வைசர்கள். கிட் முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. லேப்டாப்பும் மீட்டிங் அறையும் இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். மில்லிலோ ஃபவுண்டரியிலோ நாற்பது பேரை வைத்திருப்பவர் ஒன்-ஆன்-ஒன்னை இப்படிச் சுருக்கலாம்: ஒரு நாளைக்கு இரண்டு பேர், ஆளுக்கு ஏழு எட்டு நிமிடம், அவர் மெஷின் பக்கத்திலேயே, ஷிஃப்ட் தொடங்கிய பரபரப்பு அடங்கியபின். இருபது வேலை நாளில் நாற்பது பேரும் முடிந்துவிடும். கேள்வி இரண்டே: வேலைக்கு எது இடைஞ்சலாக இருக்கிறது, நான் எதைச் செய்து தர வேண்டும். பெயர், தேதி, சொன்னது, செய்துகொடுத்தது என்று நான்கு பத்தியில் பாக்கெட் நோட்டில் எழுதிக்கொண்டால் போதும். சர்வேயை நான்கு கேள்விக்குக் குறைத்து, தமிழிலும், வடமாநிலத் தொழிலாளர்கள் இருந்தால் இந்தியிலும் அச்சிட்டு, டிக் மட்டும் போட்டு மூடிய பெட்டியில் போடச் செய்யலாம். கையெழுத்தில் கருத்துக் கேட்க வேண்டாம், எழுத்து ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

கிட்டில் சுத்தமாகவே கிடைக்காத ஒன்று, மேலே பேசுவது. டீமிடம் எப்படி நடந்துகொள்வது என்று இவ்வளவு சொல்கிறவர்கள், முடியாத டெட்லைனோடு வருகிற தன் மேலதிகாரியிடம் எதைக் குறைத்தால் எதை முடிக்கலாம் என்று மேனேஜர் எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு ஒரு தாள் கொடுத்திருக்கலாம். நம் அலுவலகங்களில் டீமின் ஞாயிற்றுக்கிழமைகள் போவது பெரும்பாலும் அந்தப் பேச்சு நடக்காததால்தான்.

தொடங்குகிறவர்கள் மாதத்தைப் பார்த்துத் தொடங்குங்கள். ஏப்ரலில் இன்கிரிமென்ட் வருகிற கம்பெனியில் பிப்ரவரி, மார்ச்சில் சர்வே வைத்தால், அப்ரைசலோடு தொடர்பில்லை என்று எத்தனை முறை சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள். ஒன்-ஆன்-ஒன்னை மே மாதம் தொடங்கி, முதல் சர்வேயை நவம்பரில் வைப்பது தோதாக இருக்கும்.